வம்ச வரலாறுல வர்ற சின்னச் சின்ன பேருங்க: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜனவரி ஒண்ணாந்தேதி பைபிளைத் திறந்து டிசம்பருக்குள்ள முடிச்சிடணும்னு உக்கார்றவங்க பெரும்பாலும் ரெண்டு இடத்துல மாட்டிப்பாங்க. ஒண்ணு லேவியராகமம், இன்னொண்ணு 1 நாளாகமம். நாளாகமத்துல முதல் 9 அதிகாரமும் பேரு, பேரு, பேருதான். எங்க பைபிள் ஸ்டடி குரூப்புல இதைத் தொட்டப்ப வந்த கேள்விங்க, அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்புல வந்த கேள்விங்க எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல போட்டுடுறேன். நான் பாஸ்டரும் இல்ல, எபிரேய பண்டிதரும் இல்ல, இந்தப் பேருங்க மேல கொஞ்சம் கிறுக்கு, அவ்வளவுதான். பேருங்களை நம்ம பழைய தமிழ் பைபிள்ல இருக்குற மாதிரியே முடிஞ்ச வரைக்கும் எழுதியிருக்கேன்.

உண்மையைச் சொல்லுங்க, இதை ஸ்கிப் பண்ணிட்டா என்ன ஆயிடப் போகுது?

ஒண்ணும் ஆகாது. ஆனா இந்தக் கேள்வியை நீங்கதான் முதல்ல கேட்டீங்கன்னு நினைச்சிடாதீங்க. யூதரோட பழைய மத நூலான தல்மூதுல சனெத்ரின்ங்கிற பகுதியில ஒரு கதை வருது, எசேக்கியா ராஜாவோட மகன் மனாசே உக்காந்து வேதத்தை நக்கல் பண்ணிட்டு இருந்தானாம், "மோசேக்கு எழுத வேற ஒண்ணும் கிடைக்கலையா, லோத்தானோட தங்கச்சி திம்னாள்னு போய் எழுதி வச்சிருக்காரே"ன்னு. அது ஆதியாகமம் 36:22. யாரு லோத்தான், யாரு திம்னாள்னு நமக்கும் ஒண்ணும் புரியாதுதான்.

ரபிமாருங்க, அதாவது யூத மத குருமாருங்க, அதுக்கு ஒரு பதில் வச்சிருந்தாங்க. லோத்தான் சேயீர் தேசத்துப் பிரபு, அப்போ திம்னாள் பெரிய வீட்டுப் பொண்ணு. அவ ஆபிரகாம் கிட்ட போய், ஈசாக்கு கிட்ட போய், யாக்கோபு கிட்டயும் போய் உங்க கூட்டத்துல என்னையும் சேத்துக்கோங்கன்னு கேட்டா, யாரும் சேத்துக்கல. வேற எங்கயோ சீமாட்டியா இருக்குறதைவிட இந்தக் குடும்பத்துல வேலைக்காரியா இருந்தாலும் போதும்னு ஏசாவோட மகன் எலீப்பாசுக்கு மறுமனையாட்டியா போயிட்டா. அவளுக்குப் பிறந்தவன்தான் அமலேக்கு, பின்னால இஸ்ரவேலை ஓட ஓட விரட்டுன அதே அமலேக்கு. "அவளைத் தள்ளி வச்சிருக்கக் கூடாது"ன்னு தங்களோட முற்பிதாக்களையே தல்மூது குத்தம் சொல்லி முடிக்குது, எனக்கு அதுதான் ஆச்சரியம். பைபிள்ல இருக்குறது என்னவோ அவ யாரோட தங்கச்சி, யாருக்கு மறுமனையாட்டி, யாரைப் பெத்தாங்குறது மட்டும்தான், மிச்சமெல்லாம் அவங்க அந்த ஒத்தை வரியிலிருந்து உருவி எடுத்தது.

அப்போ எதுக்காக இவ்வளவு பேரையும் எழுதி வச்சாங்க? நினைவுக்காகவா?

நினைவுக்காகவும்தான், ஆனா அதைவிட பத்திரத்துக்காகன்னு நான் சொல்லுவேன். எஸ்றா 2:59லருந்து 63 வரைக்கும் எடுத்துப் பாருங்க, பாபிலோன் சிறையிருப்பு முடிஞ்சு கோரேசு ராஜா காலத்துல ஜனங்க ஊர் திரும்புறாங்க, கிமு 538 வாக்குல. அதுல 652 பேருக்குத் தாங்க எந்த வம்சம்னு சொல்லத் தெரியல (நெகேமியா 7ல அதே கணக்கு 642ன்னு இருக்கு, அது தனிக் கதை). இன்னும் மூணு ஆசாரியக் குடும்பம், அபாயா, கோஸ், பர்சில்லாய். இவங்க அட்டவணையில தங்க பேரைத் தேடுறாங்க, கிடைக்கல. கிடைக்காததால ஆசாரிய வேலை இல்ல, பரிசுத்த பங்குல சாப்பாடும் இல்ல, ஊரீம் தும்மீமோட (கடவுளோட தீர்ப்பைக் கேக்க ஆசாரியன் வச்சிருந்தது) ஒரு ஆசாரியன் எழும்புற வரைக்கும் காத்திருங்கன்னு அதிபதி சொல்லிடுறாரு. நம்ம தாலுகா ஆபீஸ்ல பழைய ரெக்கார்டுல பேர் இல்லன்னு திருப்பி அனுப்புவாங்களே, அதே கதை, 2500 வருஷத்துக்கு முன்னால.

இந்த பர்சில்லாய் குடும்பத்துல ஒரு சுவாரசியம், அவர் கீலேயாத்தியனான பர்சில்லாயோட பொண்ணைக் கட்டிக்கிட்டு மாமனார் வீட்டுப் பேரையே வச்சுக்கிட்டாருன்னு அதே இடத்துல இருக்கு. அதனாலயே அட்டவணையில தேட முடியாம போயிருக்கலாம்னு எனக்குத் தோணும். கோஸ் குடும்பத்துக்கு என்ன ஆச்சு தெரியுமா, நெகேமியா 3ல எருசலேம் மதிலைக் கட்டுறப்ப "கோசின் குமாரனாகிய உரியாவின் குமாரன் மெரேமோத்" ஒரு பக்கம் இல்ல, ரெண்டு பக்கம் கட்டுறாரு. எஸ்றா 8:33ல ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குறவரும் உரியாவோட மகன் மெரேமோத்தான், அங்க உரியா ஆசாரியன்னே போட்டிருக்கு. ரெண்டும் ஒரே ஆளுன்னா, வெளிய நின்ன குடும்பம் எப்படியோ உள்ள வந்துடுச்சுன்னு அர்த்தம்.

இத்தனை பேர்ல எதைக் கவனிக்கணும்னு எப்படித் தெரியும்?

பட்டியல் எங்க நின்னு மூச்சு வாங்குதோ அங்க நில்லுங்க. இன்னார் இன்னாரைப் பெற்றான்னு தடதடன்னு ஓடிட்டே வந்து திடீர்னு ஒரு பொம்பளை பேர், இல்லன்னா ஒரு ஊர் பேர், இல்லன்னா ஒரு சண்டை, ஒரு ஜெபம், ஒரு வெளிநாட்டுக்காரன்னு வந்தா அங்க யாரோ எதுக்கோ போராடியிருக்காங்க. நான் பென்சில்ல அந்த இடத்தை மட்டும் வட்டம் போட்டு வைப்பேன், 9 அதிகாரத்துக்கும் ரொம்பவெல்லாம் வராது.

செலொப்பியாத்தோட பொண்ணுங்க அஞ்சு பேர் நிஜமான ஆளுங்களா, இல்ல ஊர் பேரா?

இது எனக்குப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா போவேன், பொறுத்துக்கோங்க.

கதை எல்லாருக்கும் தெரியும். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பாவுக்கு ஆம்பளைப் புள்ள இல்ல, செத்துட்டாரு, நிலம் கைவிட்டுப் போகப் போகுது. அஞ்சு பேரும் மோசே முன்னால, மொத்த சபைக்கும் முன்னால வந்து நின்னு எங்க அப்பா பேர் ஏன் அழியணும், எங்களுக்குக் காணியாட்சி குடுங்கன்னு கேக்குறாங்க (எண்ணாகமம் 27). கர்த்தர் அவங்க சொல்றது சரின்னு சொல்லிடுறாரு. அப்புறம் 36ம் அதிகாரத்துல கோத்திரத்துப் பெரியவங்க வந்து இந்தப் பொண்ணுங்க வேற கோத்திரத்துல கட்டிக்கிட்டா நிலம் அங்க போயிடுமேன்னு இழுக்க, சொந்த கோத்திரத்துலயே கட்டிக்கணும்னு முடிவாகுது, அப்பா கூடப் பிறந்தவங்களோட பசங்களையே கட்டிக்கிறாங்க. நம்ம ஊர்ல பங்காளி முறை, பேச்சே கிடையாது, எங்க குரூப்புல ஒரு அக்கா இந்த இடத்துல "ஐயையோ"ன்னே சொல்லிட்டாங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். 1910ல பழைய சமாரியா இருந்த செபாஸ்தியாவுல ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆளுங்க தோண்டுனப்ப, மையால எழுதுன உடைஞ்ச பானை ஓடுங்க கிடைச்சுது. வடக்கு ராஜ்யத்து அரண்மனைக்கு வந்த சரக்கோட சீட்டுங்க, கிமு 8ம் நூற்றாண்டு. இந்த வருஷம், இந்த இடத்துலருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி எண்ணெய், அவ்வளவுதான் இருக்கும், கிட்டத்தட்ட நம்ம மளிகைக் கடை துண்டுச் சீட்டு. சரக்கு வந்த பகுதிங்களோட பேரைப் படிச்சுப் பாத்தா அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா. இது எல்லாம் எண்ணாகமம் 26லயும் யோசுவா 17லயும் மனாசே கோத்திரத்து வம்சப் பேருங்க. அதோட இன்னும் ரெண்டு பேர் இருந்துச்சு, நோவாள், ஒக்லாள்.

அதாவது அப்பா நிலத்துக்காக வாதாடுன பொண்ணுங்கள்ல ரெண்டு பேரோட பேர்ல நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சும் மனாசே மலைநாட்டுல பகுதிங்க இருந்திருக்கு, அங்கருந்து ஜாடியில சரக்கு போயிருக்கு. திர்சாவும் ஊர்தான், சமாரியாவைக் கட்டுறதுக்கு முன்னால வடக்கு ராஜாக்கள் இருந்த தலைநகரம். அதனால ஆராய்ச்சியாளர்கள் நிறைய பேர் முதல்ல இருந்தது ஊரும் குலமும், அதை மகள்னு சொல்லி வம்சத்துல கோத்தாங்கன்னு சொல்றாங்க. இல்ல, பொண்ணுங்க பேரைத்தான் நிலத்துக்கு வச்சாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எது முதல்லன்னு ஓடு சொல்லாது. ரெண்டுல எதுன்னாலும் பேரும் நிலமும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டு இருக்குறது மட்டும் தெரியுது.

இன்னொரு சின்ன விஷயம், 27ம் அதிகாரத்துல இருக்குற வரிசையும் 36:11ல இருக்குற வரிசையும் வேற வேற, அங்க ரெண்டாவதா வர்ற நோவாள் இங்க கடைசி. அஞ்சு பேரும் சமம்னு காட்டத்தான் மாத்திப் போட்டிருக்குன்னு தல்மூது சொல்லுது.

ஊருக்கு அப்பா இருக்க முடியுமா? "தெக்கோவாவின் தகப்பன்"னு வருதே.

எபிரேயத்துல அப்படித்தான் இருக்கு, தெக்கோவாவின் அப்பா, பெத்லகேமின் அப்பா. தெக்கோவா ஒரு ஊர், ஆமோஸ் தீர்க்கதரிசியோட ஊர். நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்புல இந்த மாதிரி இடத்துல "மூப்பன்"னு போட்டிருப்பாங்க, அதைப் போட்டவருக்கு ஒரு சபாஷ். ஊரை முதல்ல நிறுவுனவர், இல்லன்னா அந்த ஊர்ல தலைக்கட்டுக் குடும்பம், அந்த அர்த்தம்தான். 1 நாளாகமம் 2லயும் 4லயும் பாதிக்கு மேல இதான் நடக்குது, குடும்ப மரம் மாதிரி தெரியும், உத்துப் பாத்தா யூதாவோட மேப்.

பொம்பளைங்க ஊர் கட்டுனதா எங்கயாவது இருக்கா?

இருக்கு, 1 நாளாகமம் 7:24. எப்பிராயீம் வம்சத்துல சேராள்னு ஒருத்தி, கீழ் பெத்தொரோன், மேல் பெத்தொரோன், ஊசேன்சேரா, மூணையும் கட்டினவ. அவ்வளவுதான், ஒரே வசனம், மேல ஒண்ணும் கிடையாது. பெத்தொரோன் சாதாரண இடமும் இல்ல, கடற்கரை சமவெளியிலருந்து எருசலேமுக்கு ஏறுற மலைப்பாதையில இருக்கு, யோசுவா அஞ்சு ராஜாக்களைத் துரத்துனது அந்த வழியாத்தான். ரமல்லாவுக்கு மேற்க இன்னைக்கும் ரெண்டு கிராமம் இருக்கு, பேத் ஊர் அல் ஃபௌக்கா, பேத் ஊர் அல் தஹ்தா. அரபில மேலது, கீழது. மேலப்பட்டி கீழப்பட்டி மாதிரி.

அந்த வசனத்துக்கு மூணு வசனம் முன்னால ஒரு சாவு வீடு இருக்கு, அதையும் படிங்க. எப்பிராயீமோட பசங்க மாடு ஓட்டிட்டு வரப் போய் காத் ஊர்க்காரங்க கையில வெட்டுப்பட்டு சாகுறாங்க, அப்பன் எப்பிராயீம் ரொம்ப நாள் துக்கம் காக்குறாரு, சகோதரருங்க வந்து ஆறுதல் சொல்றாங்க. அப்புறம் பிறந்த புள்ளைக்கு வீட்டுல தீங்கு வந்த நேரம்னு பெரீயான்னு பேர் வைக்கிறாரு. ஆதியாகமத்துப்படி எப்பிராயீம் எகிப்துல பிறந்து அங்கயே வாழ்ந்தவர், அவரு பசங்க காத்துல எப்படி மாடு திருடப் போனாங்கன்னு கேட்டா, எப்பிராயீம் ஆளுங்க குறிச்ச காலத்துக்கு முன்னாலயே எகிப்தை விட்டுக் கிளம்பிட்டாங்கன்னு யூத மரபு சொல்லுது. இப்போ இருக்குற ஆராய்ச்சியாளர்கள் இது கானான்லயே ஊறுன தனிப் பாரம்பரியம், யாத்திராகமக் கதையோட முழுசா இணைக்கப்படலன்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரியாப் படுது.

சேராக்கு 400 வருஷம் உயிரோட இருந்தான்னு யூடியூப்ல பாத்தேன், பைபிள்ல எங்க இருக்கு?

பைபிள்ல அப்படி இல்ல. (இவ ஆசேரோட மக சேராக்கு, மேல சொன்ன சேராள் வேற ஆள், எபிரேயத்துலயும் எழுத்து வேற.) யாக்கோபோட எகிப்துக்குப் போனவங்க பட்டியல்ல, ஆதியாகமம் 46:17ல, ஆசேரோட பசங்களுக்கு அப்புறம் இவ பேர் வருது. எகிப்தை விட்டு வந்து வனாந்தரத்துல 40 வருஷம் சுத்துன பிறகு எடுத்த கணக்கெடுப்புலயும், எண்ணாகமம் 26:46ல, தனி வசனமா இவ பேர் வருது. நடுவுல சில நூறு வருஷம். ரெண்டு பட்டியல்லயும் இருக்கான்னா அவ சாகவே இல்லன்னுதானே அர்த்தம்னு ரபிமாருங்க ஆரம்பிச்சாங்க பாருங்க.

யோசேப்பு உயிரோட இருக்காருன்னு தாத்தா யாக்கோபுக்கு அதிர்ச்சி வராத மாதிரி பாட்டாவே பாடிச் சொன்னவ இவதானாம். மோசே நிஜமான மீட்பர்தானான்னு ஜனங்க சந்தேகப்பட்டப்ப, அவர் சொன்ன வார்த்தையைக் கேட்டு இவர்தான்னு அடையாளம் காட்டுனவ. யோசேப்போட சவப்பெட்டி நைல் நதியில எங்க கிடக்குன்னு மோசேக்குக் காட்டுனவ. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ரபி யோகனான் ஒருநாள் பாடம் நடத்திட்டு இருக்காரு, செங்கடல் பிளந்தப்ப ரெண்டு பக்கமும் தண்ணி எப்படி நின்னுச்சு, வலை பின்னுன மாதிரி நின்னுச்சுன்னு. ஒரு கிழவி எட்டிப் பாத்து "நான் அங்க இருந்தேன், அப்படி இல்ல, வெளிச்சமான ஜன்னல் மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிடுறா. வாத்தியார் வாயை அடைக்கிற கிழவி எல்லா ஊர்லயும் இருப்பா போல. ஈரான்ல இஸ்ஃபகான் பக்கத்துல பீர் பக்ரான்ங்கிற ஊர்ல இவ பேர்லயே ஒரு ஸ்தலம் இருக்கு, ஈரான் யூதருங்க காலங்காலமா யாத்திரை போன இடம்.

13ம் நூற்றாண்டுல நக்மனிதேஸ்னு ஒரு பெரிய ரபி இதுக்குக் கொஞ்சம் தரையில கால் வச்ச காரணம் சொன்னாரு, அவளுக்குச் சொத்துரிமை இருந்திருக்கு, செலொப்பியாத் பொண்ணுங்க மாதிரி, அதான் நிலம் பங்கு பிரிக்கிற கணக்குல பேர் வந்திருக்குன்னு. பாத்தீங்களா, சுத்திச் சுத்தி நிலத்துக்கே வந்துட்டோம்.

யாபேஸ் ஜெபம் சொன்னா ஆசீர்வாதம் பெருகுமா?

ஸ்டிக்கர், காலண்டர், கார் பின்கண்ணாடின்னு எல்லா இடத்துலயும் "என் எல்லையைப் பெரிதாக்கி"தான். அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, ஆனா 1 நாளாகமம் 4:9, 10ஐ அந்த இடத்துலயே வச்சுப் படிங்க. பட்டியல் பாட்டுக்கு ஓடுது, முன்னால வர்ற யாருக்கு இவர் மகன்னு சொல்லல, பின்னால இவருக்கு யார் மகன்னும் சொல்லல. அம்மா மட்டும் இருக்கா, துக்கத்தோட பெத்தேன்னு சொல்லி யாபேஸ்னு பேர் வச்சவ. எபிரேயத்துல துக்கம், வலிங்குற சொல்லோட மூணு எழுத்துல கடைசி ரெண்டை இடம் மாத்திப் போட்டா அதான் இந்தப் பேர், அதாவது பேரே கோணலா எழுதுன வலி. அவர் ஜெபத்துல கடைசியா என்ன கேக்குறாரு, தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு. அங்கயும் அதே சொல். அம்மா ஒட்டி விட்ட பேரை எடுத்துடுங்கன்னுதான் கேக்குறாரு. எல்லைன்னா ஒரு ஜாண் நிலம்கூட இல்லாத மாதிரி நிக்குற ஆளுக்கு நிலம். அப்பன் பேர் இல்லாம வம்சப் பட்டியல்ல நிக்குறது அந்தக் காலத்துல என்னன்னு யோசிச்சா, ஸ்டிக்கர்ல இருக்குறதைவிட இந்த ஜெபம் எனக்குப் பெருசாத் தெரியுது.

வெளி ஜாதி ஆளுங்க யூதா வம்சத்துல இருக்காங்களா?

நிறைய. 1 நாளாகமம் 2:34ல சேசான்னு ஒருத்தர், பொண்ணுங்க மட்டும்தான், பையன் இல்ல. யர்கான்னு ஒரு எகிப்திய வேலைக்காரன் இருந்தான், அவனுக்கே பொண்ணைக் குடுத்துடுறாரு. அவங்க புள்ள அத்தாயிலருந்து 13 பேர் வரிசையா, எலிசாமா வரைக்கும், ஒருத்தரையும் விடாம எழுதியிருக்கு. எகிப்துல அடிமையா இருந்த ஜனம் ஒரு எகிப்திய அடிமையோட பேரப் புள்ளைங்களை யூதா கோத்திரத்து நடுவுல வரிசையா நிறுத்தியிருக்கு, யாரும் முகம் சுளிக்கல.

மோசே அனுப்புன வேவுகாரர் காலேபே அப்படித்தான்னு சொன்னா சில பேருக்குக் கோவம் வருது. எண்ணாகமம் 32:12ல அவர் கேனேசியன், அந்தக் கேனாஸ்ங்குற பேர் ஏதோமியர் (ஏசா வம்சம்) பட்டியல்ல இருக்கு. நாளாகமத்துல வந்தா காலேப் எஸ்ரோனோட மகன், சுத்த யூதா. ரெண்டு காலேப்னு சொல்லித் தப்பிக்கலாம்னு பாத்தா, 2:49ல காலேபோட மக அக்சாள்னு வருது, வேவுகாரர் காலேபோட அதே பொண்ணு. கூட வந்து சேந்த குலத்தை வம்சத்துக்குள்ளயே எடுத்துக்கிட்டாங்கன்னு நான் படிக்கிறேன்.

ஆனாகு கண்டுபிடிச்சது கோவேறு கழுதையா, வெந்நீர் ஊத்தா?

ஆதியாகமம் 36:24. அங்க இருக்குற எபிரேயச் சொல் பைபிள் முழுக்க அந்த ஒரே இடத்துலதான் வருது, அதனால ஆளாளுக்கு ஒண்ணு. தல்மூது கோவேறு கழுதைன்னுச்சு, நம்ம தமிழ் பைபிளும் அதுதான். பழைய லத்தீன் பைபிளான வுல்காத்தா வெந்நீர்ன்னுச்சு, இப்போ வர்ற மொழிபெயர்ப்புங்க நிறைய அந்தப் பக்கம். அப்பா கழுதையை மேய்ச்சிட்டு இருந்த பையன் எதையோ பாத்தான், அதை ஊரே பேசுச்சு, அது வரைக்கும் உறுதி.

ஒரு பட்டியலுக்கும் இன்னொண்ணுக்கும் ஒத்து வரலையே, தப்பா எழுதிட்டாங்களா?

சிலது சுருக்கம். எஸ்றா 7ல எஸ்றாவோட வம்சத்தையும் 1 நாளாகமம் 6ஐயும் பக்கத்துல வச்சா நடுவுல ஆறு பேர் காணோம், முக்கியமான ஆளை மட்டும் தொட்டுத் தொட்டுப் போறது அவங்க வழக்கம். சிலது எழுத்துல நடந்தது, நம்ம திம்னாளே 1 நாளாகமம் 1:36ல எலீப்பாசோட பசங்க வரிசையில போய் நிக்குறா. 8:38ல ஆத்சேலுக்கு ஆறு பசங்க, அதுல ரெண்டாவது பேர் பொக்குரு, எபிரேயத்துல உயிர்க்குறியைக் கொஞ்சம் மாத்திப் படிச்சா "அவனுடைய மூத்தவன்". கிரேக்க மொழிபெயர்ப்பு அப்படித்தான் படிச்சிருக்கு. அப்படின்னா பொக்குருன்னு ஒரு ஆளே கிடையாது, பாவம்.

சில சமயம் பட்டியல்தான் பழசைக் காப்பாத்தி வச்சிருக்கு. சவுலோட மகன் சாமுவேல் புஸ்தகத்துல இஸ்போசேத், போசேத்னா வெட்கம். அவனே 1 நாளாகமம் 8:33ல எஸ்பால், பாகால்ங்குற அந்நிய தெய்வத்தோட பேரோட. பின்னால வந்தவங்க பாகால்ங்குற பேரைச் சொல்லக் கூசி வெட்கம்னு மாத்தியிருக்காங்க, யாரும் படிக்காத வம்சப் பட்டியல்ல மட்டும் அசல் தப்பிச்சு இருந்திருக்கு. இஸ்ரவேல்ல ஏலா பள்ளத்தாக்குக்கு மேல இருக்குற கிர்பெத் கெயாஃபாவுல 2012ல கிடைச்ச ஜாடித் துண்டுங்களை ஒட்ட வச்சுப் பாத்தா அதே பேர், எஸ்பால், பேதாவோட மகன். சவுல் மகன் இல்ல, வேற ஆளு, ஆனா தாவீது காலத்தை ஒட்டுனது.

சர்ச்சுல வாசிக்க இந்த அதிகாரம் எனக்கு வந்துடுச்சு, பேரை எல்லாம் எப்படி உச்சரிக்கிறது?

முதல் நாளே ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, அன்னைக்கு நிறுத்தி நிதானமா வாசிங்க, தப்பா சொன்னா திருத்துற ஆள் சபையில இருக்க மாட்டாங்க. 4ம் அதிகாரம்னா 21லருந்து 23 வரைக்கும் மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா. அங்க மெல்லிய புடவை நெய்யுற ஒரு வீட்டு வம்சம் வருது, அப்புறம் நெத்தாயீம்லயும் கெதேராவுலயும் ராஜா வேலைக்காகக் குடியிருந்த குயவருங்க. குயவருங்கன்னு தொழிலும் ஊரும் எழுதுன இடத்துல, இவங்க சேதி பூர்வகாலத்துதுன்னும் ஒரு வரி சேத்திருக்காங்க. போன வருஷம் நான் வாசிச்சப்ப அந்த இடத்துல தடுமாறி "நெத்தாமீம்"னு சொல்லிட்டேன்.